கம்பம் யாருடையது?

திருப்பூரில் நெட் கட்டானால் முதலில் எனக்குப் போன் போடுகிறவர் வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பவர் அல்ல. கம்பெனி கேட்டுக்குள் லோடு ஏற்றி நிற்கும் கண்டெய்னருக்குப் பில் போட முடியாமல் தவிக்கும் அக்கவுண்டன்ட்தான். "நெட்டு வரலீங்க தம்பி. தூத்துக்குடி வண்டி ரெடியா நிக்குதுங்க, ஈ-வே பில் எடுக்க முடியலீங்க" என்பார். கொங்குச் சீமையில் கோபத்துக்கும் 'ங்க' உண்டு. அதனால் குரலை வைத்து அவசரத்தை அளக்க முடியாது. அடுத்த போன் முதலாளியிடமிருந்து எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு இணையம் என்பது பையருக்கு மெயில் அனுப்ப, டிசைன் ஃபைல் இறக்க. மெயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் யாரும் சாகப்போவதில்லை. 2018-இல் ஈ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள எல்லோருக்கும் ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். ஐந்து கோடி என்பது இந்த ஊரில் பெரிய கம்பெனியின் கணக்கல்ல. பத்திருபது பவர் டேபிள் போட்டு ஓட்டுகிற ஆள் கூட அதைத் தொட்டுவிடுவார். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், அயர்னிங் எல்லாம் வேறு வேறு இடம். ஒரு பனியன் உருவாவதற்குள் ஊரை எத்தனையோ முறை சுற்றிவந்துவிடும். சரக்கு நகர வேண்டுமென்றால் காகிதம் நகர வேண்டும். காகிதம் இப்போது கண்ணாடிக்குள் ஓடுகிறது.

அந்தக் கண்ணாடியை இழுப்பதும் ஒட்டுவதும் என் தொழில். கேபிள் டிவிக் காலத்தில் கோ-ஆக்ஸ் வயரில் ஆரம்பித்தவன். இப்போது ஊர் ஓரத்தில் சில வார்டுகளுக்கும் ஒட்டியிருக்கும் சில ஊராட்சிகளுக்கும் ஃபைபர் லைன் கொடுக்கிறேன். தண்ணீர், தெருவிளக்கு மாதிரி இணையத்தையும் மாநகராட்சியே கொடுத்தால் என்ன என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்படி வந்தால் என் பிழைப்புப் போய்விடும் என்று நான் பயப்படுவேன் என்றும் நினைக்கிறார்கள். பயமெல்லாம் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் கேபிள் இழுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். இழுப்பது ஒரு தடவை செய்கிற வேலை. அறுந்ததை ஒட்டுவதுதான் தினசரி வேலை, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

ஒட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். கேபிளின் கருப்பு உறையை உரித்தால் உள்ளே டியூப். டியூபுக்குள் வண்ணம் பூசிய இழைகள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், கிரே, வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், வயலட், ரோஸ், அக்வா என்று பன்னிரண்டு நிறம், எங்கள் கேபிள்களில் இதே வரிசை. பூச்சை ஸ்ட்ரிப்பரால் வழித்தால் 125 மைக்ரான் தடிமனில் வெறும் கண்ணாடி. அதன் நடுவில் ஒளி ஓடும் பாதை ஏறக்குறைய 9 மைக்ரான். ஆல்கஹால் நனைத்த டிஷ்யூவால் துடைத்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு க்ளீவரில் வைத்து நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தால் மெஷினே நகர்த்திச் சேர்த்து ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டும். திரையில் 0.01, 0.02 என்று இழப்பைக் காட்டும். அது மெஷினின் மதிப்பீடு. பவர் மீட்டரில் பார்க்காமல் கம்பத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் போடும் முதல் கட்டளை.

நிறத்தில் இவ்வூர்ப் பையன்கள் தவறுவதில்லை என்று பெருமையாகச் சொல்லலாம், பகலில். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோஸும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் குழப்பும். சாயப்பட்டறையில் ஷேடு பார்க்க லைட் பாக்ஸ் வைத்திருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். அதனால் நான் மஞ்சள் விளக்கு உள்ள ஹெட்லைட் வாங்க விடமாட்டேன்.

இந்த ஊருக்கென்றே ஒரு எதிரி உண்டு: பஞ்சு. நிட்டிங் ஹாலுக்குள் போனால் காற்றே வெள்ளையாக இருக்கும். வட்ட மெஷினுக்கு மேலே ஃபேன் சுற்றிச் சுற்றிப் பஞ்சை விரட்டும். விரட்டின பஞ்சு எங்கே போகும்? சி.சி.டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கும் ஒளியை நெட்டாக மாற்றும் எங்கள் ஓ.என்.யூ. பெட்டிக்குள். ஒரு பஞ்சு இழையின் அகலம் பத்திலிருந்து இருபது மைக்ரான் வரை இருக்கும். ஒளி வரும் பாதை 9 மைக்ரான். கணக்கு அவ்வளவுதான். பச்சைக் கனெக்டரைக் கழற்றி மறுபடி செருகும் அந்த ஒரு நொடியில் ஒரே ஒரு இழை நுனியில் குறுக்கே படுத்துவிட்டால், பெட்டியில் சிவப்பு விளக்கு. முழுக்க மறைத்தால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பாதி மறைத்தால்தான் தொல்லை. லைன் இருக்கும், மதியம் போகும், தேநீர் இடைவேளைக்குப் பிறகு தானாக வரும். கம்பெனிக்காரர் பெட்டியை மாற்றச் சொல்வார். கனெக்டர் துடைக்கும் பேனா ஒன்று போதும் என்றால் நம்ப மாட்டார். இப்போதெல்லாம் புது கனெக்‌ஷன் கொடுக்கும்போதே, பெட்டியை ஹாலில் மாட்டுவதில்லை, ஆபீஸ் ரூமில்தான் என்று சொல்லிவிடுகிறோம். தரக்கட்டுப்பாடு என்று திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் இதையெல்லாம் ஒரு நாளும் எழுதப்போவதில்லை.

திட்டம் போடுகிறவர்கள் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள். ஒளி கிலோமீட்டரில் சாவதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல் கூட இழப்பு இல்லை. ஒரு இழையை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பத்து டெசிபலுக்கு மேல் தின்கிறது. அதை இன்னொரு எட்டாகப் பிரித்தால் அறுபத்துநான்கு வீட்டுக்குப் போகும், இருபதுக்கு மேல் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் கிளம்பிய ஒளியை வீட்டுப் பெட்டி படிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு மைனஸ் 27-க்குப் பக்கம். மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தின்பது ஜாயின்ட். கேபிள் ஒரு இடத்தில் அறுந்தால், இரண்டு முனையும் எட்டாது. நடுவில் ஒரு துண்டு போட வேண்டும். ஆக ஒரு அறுப்புக்கு இரண்டு ஜாயின்ட். ஒரே தெருவில் ஐந்து தடவை தோண்டினால் பத்து ஜாயின்ட். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தாலும், அவசரத்தில் போட்ட கனெக்டரும் மடங்கிய வளைவும் சேர்ந்து, கடைசி வீட்டுக்காரருக்கு வெயில் காலத்தில் வேலை செய்கிற லைன் மழையில் போகும். 'போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு' என்பார். அவர் சொல்வது நிஜம். நடுவில் அவர் தெரு மூன்று முறை தோண்டப்பட்டிருக்கிறது.

தோண்டுவதை நான் குறை சொல்லவில்லை. பாதாளச் சாக்கடை வேண்டும், நான்காவது குடிநீர்த் திட்டத்துக் குழாய் வேண்டும், ஸ்மார்ட் சிட்டி சாலையும் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி ஜே.சி.பி. தோண்டுகிறவருக்கு மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு வரைபடம் கிடையாது. மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு ஆப் கொண்டுவந்தது: தோண்டுமுன் பதிவு செய், கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். யோசனை நல்லது. எங்கள் தெருக்களில் பள்ளம் தோண்ட வரும் சப்-கான்ட்ராக்டர் கையில் அதை நான் பார்த்ததில்லை. அதைவிட, ஜே.சி.பி. டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து "அண்ணா, இந்த ஓரம் மட்டும் கையில தோண்டுங்க" என்று சொன்னால் வேலை நடக்கிறது.

மண்ணுக்குக் கீழே இந்தக் கதை என்றால் மேலே கம்பத்தின் கதை.

ஊரில் கேபிள் பெரும்பாலும் தலைக்கு மேல்தான் போகிறது. மின்கம்பம் மின்வாரியத்துடையது. தெருவிளக்குக் கம்பம் மாநகராட்சியுடையது. சாலை சில இடம் மாநகராட்சி, சில இடம் மாநில நெடுஞ்சாலைத் துறை, ஊரைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை, அடுத்த திருப்பத்தில் ஊராட்சி. ஊரை இரண்டாகப் பிளந்து ரயில் தண்டவாளம் போகிறது. அதைத் தாண்ட ரயில்வேயின் அனுமதி. நொய்யல் ஆற்றைத் தாண்ட ஒரு பாலம், பாலத்துக்கு ஒரு துறை. இரண்டு கிலோமீட்டர் கேபிளுக்கு ஐந்து மேசை. சட்டம் இதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2016-இல் வழியுரிமை விதிகள் வந்தன. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, அதன் கீழ் புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கின்றன. ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், கெடு, கட்டண வரம்பு எல்லாம் அதில் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கு அதைத் தொடர்ந்து போய் முடிக்க ஆபீஸ் இருக்கிறது. என் மாதிரி ஆளுக்கு ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் உள்ள தூரம் கேபிளால் அளக்கிற தூரமல்ல.

விளைவு என்ன? எல்லோருடைய கேபிளும் ஒரே கம்பத்தில் கொத்தாகத் தொங்குகிறது. ஏற்றுமதிக் கம்பெனிகள் விவரமானவர்கள்; ஒரு லைன் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கம்பெனியிடம் நெட் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் மாதம் பணம் கட்டுகிறார்கள். லாரி ஒன்று கொத்தை இழுத்துப் போனால் இரண்டும் ஒரே நொடியில் போகும், ஏனென்றால் இரண்டும் அதே கம்பத்தில் அதே கொக்கியில் தொங்குகின்றன. இதை வாடிக்கையாளருக்கு வரைபடம் போட்டு விளக்கினால், "அப்புறம் எதுக்குங்க ரெண்டு?" என்று கேட்பார். நல்ல கேள்வி. வேறு வழியில் வரும் லைன்தான் இரண்டாவது லைன். அந்த வேறு வழியை எந்தத் தனியாளும் உண்டாக்க முடியாது. உள்ளாட்சி ஒன்றால்தான் முடியும்.

கேபிள் எவ்வளவு தற்காலிகம் என்பதை அவிநாசிக்காரர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். சித்திரைத் தேருக்கு ரத வீதிகளில் தலைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. மின்வாரியம் லைனை இறக்கும், நாங்கள் எங்கள் லைனை இறக்குவோம், தேர் நிலைக்கு வந்த பிறகு எல்லோரும் ஏறி மறுபடி கட்டுவோம். வருடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே திட்டத்தின்படி, யார் எந்த வயர் என்று அடையாளம் கண்டு வேலை செய்கிற நாட்கள் அவை. மற்ற நாட்களில் ஏன் முடிவதில்லை என்று கேட்டால் பதில் சுலபம்: தேருக்குத் தேதி உண்டு.

இனி அரசு செய்திருப்பதைச் சொல்ல வேண்டும். 2011-இல் தேசிய ஃபைபர் திட்டமாகத் தொடங்கி 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம், ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டுபோவது. தமிழ்நாட்டில் அதைச் செய்ய 2018-இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன், டான்ஃபிநெட், உருவானது. 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு ஒரு ஜிகாபிட். எங்கள் மாவட்டத்தில் 13 ஒன்றியங்களில் 265 ஊராட்சிகள். பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்களிலேயே போகிறது, மண்ணைத் தோண்டுவதைவிட அது சீக்கிரம். கேபிள் ஊராட்சிக் கட்டடத்தில் உள்ள ஒரு ரேக்கில் போய் முடியும். ரேக்கோடு ஒரு யூ.பி.எஸ்.

இதற்காக மாவட்ட ஆட்சியர்கள் பத்திரிகைகளுக்குக் கொடுத்த அறிவிப்புகளை நான் ஆர்வத்தோடு படித்தேன். கேபிள் கண்ணாடி இழையால் ஆனது, உள்ளே உலோகம் எதுவும் இல்லை, எடுத்துப்போய் விற்க முடியாது, ஆகவே வெட்டாதீர்கள் என்று அதில் இருக்கும். சிரிப்பு வரும், ஆனால் களம் தெரிந்தவர் எழுதியது அது. காப்பர் என்று நினைத்து வெட்டி, காசாகாது என்று தெரிந்து அப்படியே போட்டுவிட்டுப் போன கேபிள்களை நாங்கள் எல்லோரும் ஒட்டியிருக்கிறோம். அந்த அறிவிப்பின் இன்னொரு பகுதிதான் எனக்கு முக்கியம்: ரேக்குக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஊராட்சிச் செயலர்.

ஊராட்சிச் செயலரின் மேசையைப் பார்த்திருக்கிறீர்களா? நூறு நாள் வேலை, வீட்டு வரி, குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, கிராம சபைத் தீர்மானம். அதற்கு நடுவில் ஒரு பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலையாகிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டடம் பூட்டு. மின்வாரிய ஷட்டவுன் நாளில் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பேட்டரி வயதானால் தாங்காது. புதுப் பேட்டரி எந்தத் தலைப்பில் வாங்குவது என்று தணிக்கையில் கேட்பார்கள். ஃபைபரின் பெரிய நன்மையே நடுவில் எங்கும் கரண்ட் தேவையில்லை என்பதுதான். ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். தேவைப்படுவது இரண்டு முனையில் மட்டும். அந்த ஒரு முனையைக் கொண்டுபோய் மிக அதிக வேலை உள்ள ஆளின் அறையில் வைத்திருக்கிறோம். அங்கிருந்து வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் கடைசி ஐந்நூறு மீட்டரை யார் இழுப்பது, யார் ஒட்டுவது? அதற்கு உள்ளூர் ஆட்களைப் பங்குதாரர்களாகச் சேர்ப்பதுதான் வழி, அரசும் அந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது.

இதில் அரசுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் 2007-இல் தொடங்கி, தூங்கி, 2011-இல் மறுபடி எழுந்தது. அப்போது மாதம் எழுபது ரூபாய். அதில் இருபது கார்ப்பரேஷனுக்கு, ஐம்பது எங்களுக்கு. அரசியல் பேசுகிறவர்கள் எழுபது ரூபாயைப் பேசுவார்கள். எனக்கு அந்த ஐம்பதுதான் பாடம். கம்பத்தில் ஏறுகிறவனுக்குப் பெரிய பங்கு போனதால், மழையோ பொங்கலோ, ஏற ஆள் இருந்தது. அதன் பலவீனம் எங்கே தெரிந்தது? கம்பத்தில் அல்ல. 2022 நவம்பரில் மையத்திலிருந்த மென்பொருளில் சிக்கல் வந்து லட்சக்கணக்கான செட்டாப் பாக்ஸ்கள் இருண்டபோது, தெருவில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. லைன் நன்றாக இருக்கிறது, மீட்டரில் சிக்னல் இருக்கிறது, படம் இல்லை. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று இதை விளக்கிப் பாருங்கள்.

இணையத்துக்கும் இது பொருந்தும். மேலே இருப்பதை ஒரே இடத்தில் கட்டிவைத்து, கீழே இருப்பவன் கையில் கருவியும் உரிமையும் கொடுக்காமல் விட்டால், பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு முன்மாதிரி இருக்கிறது, அதை யாரும் இணையத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. தண்ணீர். இந்த ஊரில் சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பி ஓடிய காலம் உண்டு. 1995-இல் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் மாநில அரசு நிறுவனமும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிதி நிறுவனமும் சேர்ந்து நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷனை உருவாக்கினார்கள். 2006-இல் குழாயில் தண்ணீர் வந்தது. தொழிற்சாலைக்குக் கூடுதல் விலை, வீட்டுக்குக் குறைந்த விலை. முன்னது கொடுத்த காசில் பின்னது ஓட வேண்டும் என்பது கணக்கு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அதிக விலை கொடுத்தவர்கள்தானே முதலில் நின்றார்கள்.

ஆனால் கணக்கின் அடிப்படை தப்பல்ல என்பது என் எண்ணம், இணையத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். என் எக்ஸ்சேஞ்சில் டிராஃபிக் வரைபடத்தை தினமும் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கம்பெனிகள் ஏறும். மதியம் சாப்பாட்டுக்கு ஒரு பள்ளம். மாலை ஏழு ஏழரைக்கு இறங்க ஆரம்பிக்கும். அவர்கள் இறங்கும்போதே, தொழிலாளர்கள் வரிசை வரிசையான அறைகளில் தங்கும் லைன் வீடுகள் ஏறும். ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை லைன் வீடுகள்தான். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், இந்தப் பக்கம் தேனி, புதுக்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்த டெய்லர்களும் அவர்களுக்கு உதவும் கைமடிகளும் ஊருக்கு வீடியோ கால் பேசும் நேரம். மேலே வாங்கும் பேண்ட்வித்துக்குப் பகலுக்கு ஒரு விலை ராத்திரிக்கு ஒரு விலை என்று கிடையாது. வாங்கியது இருபத்துநாலு மணி நேரமும் நம்முடையது. பகலில் கம்பெனி கொடுக்கிற காசில் வாங்கிய குழாயில்தான் ராத்திரி லைன் வீடு பேசுகிறது. கம்பெனி மட்டும் என்றால் ராத்திரி குழாய் காலி. லைன் வீடு மட்டும் என்றால் காசு கட்டாது. இரண்டும் ஒரே வலையில் இருந்தால் கட்டும். பெரிய நிறுவனங்கள் இரண்டையும் இரண்டு வியாபாரமாகப் பார்ப்பதால் லைன் வீட்டை விட்டுவிடுகின்றன. உள்ளாட்சி வலை ஒன்று வந்தால் அதன் கணக்கு இங்கேதான் தொடங்க வேண்டும்.

லைன் வீட்டில் விலையைவிடக் கெடுதான் பிரச்சினை. மாதச் சந்தா ஐந்நூறு அறுநூறு என்றால் பங்கு போட்டுக் கட்டிவிடுவார்கள். ஆனால் இவ்வூர்க் கூலி வாரக் கூலி, சனிக்கிழமை. மாத நடுவில் வேலை இல்லையென்றால் ஆள் வேறு ஊரில் இருப்பான். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது தெரியாது. தவிர, ஒரு கனெக்‌ஷனை எட்டு அறைக்குப் பிரித்துக் கொடுப்பது விதிப்படி சரியும் அல்ல. யார் பேசினார் என்று போலீஸ் கேட்டால் வீட்டு ஓனர்தான் பதில் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வானி திட்டம் இதற்கு ஒரு கதவு. டீக்கடையோ பேக்கரியோ லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம், போனில் ஓ.டி.பி. வந்து ஆள் பதிவாகிவிடும். பத்து ரூபாய்க்குக் கூட விற்கலாம். திருப்பூரில் பேக்கரி இல்லாத தெரு ஏது? ஆனால் அந்தக் கடைகளுக்கு நெட் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் லீஸ்டு லைன் விலை கேட்டதால் பல இடத்தில் ஓடவில்லை. 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு ஒரு உச்சவரம்பு போட்டது, வீட்டுக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கூடாது என்று. சனிக்கிழமை ஒரு வாரக் கூப்பன் என்று ஆரம்பித்தால் எங்கள் பக்கம் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரின் மின்வாரியம் 2010-லேயே வீட்டுக்கு ஒரு ஜிகாபிட் கொடுத்துப் பேர் வாங்கியது. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. மின்வாரியம் ஊருக்குச் சொந்தம், கம்பம் மின்வாரியத்துக்குச் சொந்தம், ஏறும் ஆளும் அதே வாரியத்தின் ஆள். கேரளத்தின் கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது, மின்வாரியத்தையே முக்கியப் பங்குதாரராக வைத்துக்கொண்டார்கள். கம்பம் கேட்டு மேசைக்கு மேசை போக வேண்டியதில்லை. வீட்டு இணைப்புக்கு உள்ளூர் கேபிள்காரர்களை வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் எனக்கு இன்னும் பிடிக்கும். 1994-இல் நகராட்சி ஸ்டோகாப் என்ற நிறுவனம் தொடங்கியது. அது யாருக்கும் இணையம் விற்பதில்லை. ஊர் முழுக்க வெறும் ஃபைபரைப் போட்டு, யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டது. சாலை போடுவதுபோல ஃபைபரைப் போட்டது, பஸ் விடவில்லை.

என்னைக் கேட்டால், திருப்பூர் மாநகராட்சியிடம் இணையம் விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். லைசென்ஸ், கஸ்டமர் கேர், பில் வசூல், 'ஸ்பீடு வரலை' என்ற சண்டை, இதெல்லாம் அறுபது வார்டுக்கு அவர்களால் ஆகாது. தண்ணீர் விடும் நேரத்துக்கே போன் வந்துகொண்டிருக்கிறது. சாலை தோண்டும்போதெல்லாம் இரண்டு காலி டக்ட் போட்டுவிடுங்கள், அது போதும். தோண்டின சாலையில் டக்ட் போட ஆகும் செலவு, டக்டுக்காகச் சாலையைத் தோண்டும் செலவில் ஒரு துளி. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு எண், எந்தக் கம்பத்தில் யார் கேபிள் என்று ஒரு பதிவேடு. மாநகராட்சி அதை வைத்திருந்தால் செத்த கேபிள்களை அறுத்து எறியலாம். கொத்தில் பாதி செத்ததுதான், யாருடையது என்று தெரியாததால் தொங்குகிறது. தண்டவாளத்துக்கும் நொய்யலுக்கும் குறுக்கே மாநகராட்சியே பொது வழி ஒன்று வாங்கி எல்லோருக்கும் வாடகைக்கு விட்டால், அந்த 'இரண்டாவது லைன்' நிஜமாகவே இரண்டாவதாகும்.

டெண்டர் எழுதும்போது ஒன்று. இப்போது கிலோமீட்டருக்குப் பணம். இழுத்தால் காசு, ஒட்டினால் தலைவலி. எந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும், அறுந்த நேரத்திலிருந்து லைன் திரும்பும் நேரம் வரை எத்தனை மணி என்பதை வைத்துப் பணம் கொடுங்கள். வார்டுக்கு இரண்டு ஸ்ப்ளைசிங் தெரிந்த பையன்கள், சனிக்கிழமை சம்பளம், கையில் மெஷின். சீன மெஷின் ஒரு லட்சத்துக்குள் கிடைக்கிறது, நன்றாகவே ஒட்டுகிறது. ஜப்பான் மெஷின்தான் வேண்டும் என்று டெண்டரில் எழுதி மூன்று பேருக்கு ஒரு மெஷின் கொடுப்பதைவிட அது மேல். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த பையன்களுக்கு இந்த வேலை சீக்கிரம் கைவருகிறது. விரல் நிதானமும் ராத்திரி முழித்திருக்கும் பழக்கமும் ஏற்கெனவே அவர்களிடம் உண்டு.

இந்த ஊருக்குத் தேரைப்போலவே தேதி உள்ள இன்னொன்று தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டு லைன் வீடுகள் காலியாகும், கம்பெனிகள் ஒரு வாரம் பூட்டும். எங்களுக்கு அந்த வாரம்தான் பெரிய வேலை. மெயின் கேபிளை இறக்கலாம், பழைய ஜாயின்டுகளைப் பிரிக்கலாம், ஒரு மணி நேரம் லைனை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. எந்தத் தெருவில் எத்தனை ஜாயின்ட் சேர்ந்துவிட்டது, எந்தத் துண்டை முழுசாக மாற்ற வேண்டும் என்று புரட்டாசியிலேயே பட்டியல் எழுதிவிடுவோம். இந்த வருடப் பட்டியலில் முதலில் இருப்பது தண்டவாளத்துக்கு வடக்கே ஒரு தெரு. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தனித்தனியாகத் தோண்டிய தெரு அது. அங்கே கடைசி வீட்டில் மீட்டர் மைனஸ் 26 காட்டுகிறது.